இ.சி.எம். போச்சு என்று சொல்வதற்கு முன்னால்...



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, எங்கள் ஆட்டோமொபைல் பிரிவில் பாதிப் பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது ஒரு கார். அந்தக் காரில் நான் கற்றுக்கொண்டதையும், நானே கெடுத்து வைத்ததையும் சேர்த்துப் பாடமாக எழுதுகிறேன். காரின் இ.சி.எம்., அதாவது எலக்ட்ரானிக் கன்ட்ரோல் மாட்யூல், உண்மையிலேயே பழுதாகிவிட்டதா இல்லையா என்று கண்டுபிடிப்பது எப்படி? இதுதான் பாடம். பரீட்சையில் இது ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் இது 34,000 ரூபாய்.

அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். பல வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டிவிட்டு, ஒரு செகண்ட் ஹேண்ட் டீசல் காரை லோன் போட்டு வாங்கினார். மாதம் பிறந்தால் 9,600 ரூபாய் தவணை. வண்டி ஓடினால் தவணை போகும், மிச்சத்தில் வீடு ஓடும், என் பஸ் பாஸும் ஓடும். சென்ற ஆண்டு ஆவணி மாதம், முகூர்த்த நாட்கள் வரிசையாக இருந்த நேரத்தில், ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. முந்தின வாரமே இரண்டு தடவை இப்படி மக்கர் பண்ணி, பிறகு தானாகக் கிளம்பியிருக்கிறது. அப்பா வீட்டில் சொல்லவில்லை.

வண்டியை ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப் போனோம். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் எனக்குக் கோபமும் கிடையாது. ஸ்கேனரை மாட்டினார்கள். இ.சி.எம்.-ஓடு தொடர்பு இல்லை என்று திரையில் வந்தது. மூன்று தடவை முயற்சி செய்தார்கள். ஒரு தடவை மட்டும் கனெக்ட் ஆகி, உடனே அறுந்தது. "இ.சி.எம். போயிருச்சுண்ணே. புதுசு 34,000. கோடிங் தனி. பழசு போட்டா 15-க்கு முடிச்சிரலாம், ஆனா கேரண்டி சொல்ல முடியாது" என்றார்கள்.

அன்று இரவு அம்மா ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து கம்மல் டப்பாவை எடுத்து வெளியே வைத்தார். அப்பா என்னிடம், "நீ இதைத்தானடா படிக்கிற? ஒரு தடவை நீ பாரேன்" என்றார். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கு இ.சி.எம். என்றால் நோட்டில் வரைந்த ஒரு கட்டம்தான். இடது பக்கம் சென்சார்கள், வலது பக்கம் ஆக்சுவேட்டர்கள், நடுவில் கட்டம். அந்தக் கட்டத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, எர்த் எங்கே போகிறது என்று நான் வரையவே இல்லை. எங்கள் வகுப்பில் யாரும் வரையவில்லை.

முதலில் அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். ஒரு மைக்ரோ கன்ட்ரோலர், புரோகிராமும் அட்டவணைகளும் பதிந்த மெமரி, பேட்டரியின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கும் ரெகுலேட்டர், இன்ஜெக்டர், ரிலே போன்றவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர்கள். கிராங்க் சென்சார் இன்ஜின் எந்த நிலையில் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று சொல்கிறது. பல இன்ஜின்களில் இதற்கு 60 பல்லுக்கு இடம் போட்டு, அதில் 2 பல்லை விட்டுவிட்ட ஒரு சக்கரம் உண்டு. ஒரு பல் 6 டிகிரி. அந்த இரண்டு பல் இல்லாத இடைவெளிதான் இ.சி.எம்.-க்கு அடையாளக் கல். அங்கிருந்து எண்ணி, எப்போது எவ்வளவு எரிபொருள் என்று முடிவு செய்கிறது.

இது நேற்று வந்த சமாச்சாரமும் இல்லை. 1967-இல் பாஷ் கம்பெனி டி-ஜெட்ரானிக் என்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனை வோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. 1986-இல் அதே பாஷ், வண்டிக்குள் மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் முறையை அறிவித்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லாக் கார்களுக்கும் ஓ.பி.டி. 2 கட்டாயமானது. நம் நாட்டில் புகைக் கட்டுப்பாடுதான் இதை வேகமாகத் தள்ளிக்கொண்டு வந்தது. பாரத் ஸ்டேஜ் 4 சென்னை உட்பட 13 நகரங்களுக்கு 2010-லும், நாடு முழுக்க 2017 ஏப்ரலிலும் வந்தது. ஸ்டேஜ் 6 வந்தது 2020 ஏப்ரலில். அதன் பிறகு வந்த பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில்கூட இன்ஜெக்‌ஷன்தான். ஆகவே "நான் டூவீலர் மெக்கானிக்தானே, எனக்கு எதுக்கு" என்று ஜூனியர்கள் யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

இனி பழுது பார்ப்பதற்கு வருவோம். நான் அந்தக் காரில் பார்த்த வரிசையிலேயே சொல்கிறேன்.

காசில்லாத டெஸ்ட் ஒன்று இருக்கிறது. சாவியை ஆன் செய்துவிட்டு டேஷ்போர்டைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லையென்றாலும், மங்கலாகத் துடித்தாலும், முதல் சந்தேகம் இ.சி.எம்.-க்குச் சாப்பாடு போகவில்லை என்பதே. அப்படியே காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். மெயின் ரிலே 'டக்' என்று ஒரு தடவை இழுக்க வேண்டும். அப்பா வண்டியில் விளக்கு மங்கலாக எரிந்தது, செல்ஃப் அடித்ததும் அணைந்தது. ரிலே 'டக டக டக' என்று மரங்கொத்தி மாதிரி அடித்தது. ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சத்தத்தை யாரும் கேட்டிருக்க முடியாது. பக்கத்தில் டிங்கரிங் நடந்துகொண்டிருந்தது.

அடுத்தது பேட்டரி. நன்றாக சார்ஜ் ஆன பேட்டரி சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அருகே காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் வேறு எதையும் பார்க்காமல் பேட்டரியைப் பாருங்கள். குறைந்த வோல்டேஜில் இ.சி.எம். விதவிதமான பொய்க் கோடுகளைப் போடும். தன் மெமரியே கெட்டுவிட்டதாகச் சொல்லும் பி 0601, தன் பிராசசரே போனதாகச் சொல்லும் பி 0606 வந்தால்கூட, பேட்டரியையும் எர்த்தையும் சரி செய்து, கோடை அழித்துவிட்டு, மறுபடி வருகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. காய்ச்சல்காரன் பேச்சு மாதிரிதான் அது. எங்கள் வண்டியில் பேட்டரி 12.4. செல்ஃப் அடிக்கும்போது 10.2. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு ஸ்கேனர் மாட்டும் சாக்கெட். 16 பின் கொண்டது. இதில் 16-ஆம் பின்னில் எப்போதும் பேட்டரி கரண்ட் இருக்க வேண்டும். 4-ம் 5-ம் எர்த். 6-லும் 14-லும் கேன் லைன். ஸ்கேனர் உயிரே பெறவில்லை என்றால் 16-ஐப் பாருங்கள். பல வண்டிகளில் இதற்கும் சிகரெட் லைட்டருக்கும் ஒரே ஃப்யூஸ். செல்ஃபோன் சார்ஜர் ஷார்ட் ஆகி ஃப்யூஸ் போயிருக்கும், பழி இ.சி.எம். மேல் விழும். ஸ்கேனர் உயிரோடு இருந்தும் தொடர்பு இல்லையென்றால், பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்கள். கேன் லைனின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று உண்டு. இரண்டும் பேரலல் என்பதால் 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் இரண்டு வயரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேரலல் ரெசிஸ்டன்ஸ் கணக்கை முதல் வருடத்தில் எதற்குப் போட்டோம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எங்கள் வண்டியில் 60. லைன் நல்லா இருக்கு.

இப்போது எர்த். நண்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

இ.சி.எம்.-இன் கப்ளரைக் கழற்றி, எர்த் வயருக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரைக் கன்டினியுட்டியில் வைத்தேன். 'பீப்' என்று கத்தியது. ஆக எர்த் சரி என்று நோட்டில் டிக் போட்டேன். அது தப்பு. மீட்டர் அந்த வயரில் அனுப்பும் கரண்ட் மில்லி ஆம்பியர் கணக்கில்கூட அதிகம் தேறாது. 20 இழை உள்ள வயரில் 19 இழை அறுந்து ஒன்றே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஒற்றையடிப் பாலத்தில் ஒரு ஆள் நடந்து போனதைப் பார்த்துவிட்டு, லாரி போகலாம் என்று சொல்வது போலத்தான். லாரியை ஏற்றிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர்தான் வோல்டேஜ் டிராப் டெஸ்ட்.

கப்ளரை மறுபடி மாட்டி, சாவியை ஆன் செய்து, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்தேன். கறுப்பு முனை நேராக பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில். சிவப்பு முனை இ.சி.எம். கப்ளரின் எர்த் பின்னில், வயர் நுழையும் பின்பக்கத்தில் மெல்லிய ஊசியை நுழைத்து. நல்ல எர்த் என்றால் 0.1 வோல்ட்டுக்குக் கீழே காட்ட வேண்டும். எனக்கு 3.1 காட்டியது. மீட்டர் தப்பு என்று நினைத்து, பேட்டரியில் வைத்துச் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். 3.1.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரி 12.4. எர்த்தில் 3.1 தொலைகிறது. இ.சி.எம்.-க்குக் கிடைப்பது 9.3. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியே 10.2 ஆகிறது. அதில் 3-க்கு மேல் கழித்தால் 7 தேறுவது கஷ்டம். பாவம், அது ஒவ்வொரு தடவையும் விழித்து, உடனே மயங்கி விழுந்திருக்கிறது. ரிலே மரங்கொத்தி மாதிரி அடித்ததும் அதனால்தான். ஸ்கேனர் ஒரு தடவை கனெக்ட் ஆகி அறுந்ததும் அதனால்தான். 3 ஆம்பியர் அளவு ஓடும் பாதையில் 3 வோல்ட் குறைய ஒரே ஒரு ஓம் போதும். ஒரு ஓம்! வி = ஐ × ஆர் என்று எத்தனை தடவை எழுதியிருப்போம்.

அந்த எர்த் வயரைத் தடவிக்கொண்டே போனால் பேட்டரி டிரேக்குக் கீழே போனது. டிரேயைக் கழற்றினேன். அங்கே பாடியில் போல்ட் போட்டிருந்த ரிங் டெர்மினல், அதாவது நம்ம ஆட்கள் சொல்லும் லக், பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. பேட்டரியில் இருந்து ஆசிட் பல மாதமாகக் கசிந்து சொட்டியிருக்கிறது. போல்ட்டைத் தொட்டதும் லக்கின் ஒரு ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றி ஆசிட்டைக் கழுவினேன். பாடியின் இரும்பு தெரியும் வரை எமரி தாளில் தேய்த்தேன். கெட்டுப்போன வயரைச் செம்பு பளிச்சென்று தெரியும் இடம் வரை வெட்டி எறிந்துவிட்டு, புது வயர் சேர்த்து, புது லக் கிரிம்ப் செய்து, ஸ்லீவ் போட்டு, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவினேன். லக்கை ஈயம் வைத்துப் பற்றவைக்க நினைத்தேன், நல்லவேளை செய்யவில்லை. ஈயம் வயருக்குள் ஏறி அந்த இடம் விறைத்துப் போகும், இன்ஜின் அதிர்வில் அங்கேயே ஒடியும். பிறகு மீட்டரை வைத்தால் 0.04. சாவியைத் திருப்பினார் அப்பா. அரைச் சுற்றில் பிடித்தது. லக், வயர், ஸ்லீவ் எல்லாம் சேர்த்துச் செலவு 85 ரூபாய்.

எர்த்தைப் பார்த்தது போலவே பாசிட்டிவையும் பார்க்க வேண்டும். இ.சி.எம்.-க்கு வருகிற பாசிட்டிவ் ஒன்றல்ல. மெமரிக்காக எப்போதும் இருக்கும் ஒன்று, சாவி ஆன் ஆனால் வரும் ஒன்று, மெயின் ரிலே வழியாக வரும் ஒன்றோ இரண்டோ. எல்லாவற்றையும் ஒயரிங் டயகிராம் பார்த்துத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த கருவி மீட்டரல்ல, 21 வாட் இண்டிகேட்டர் பல்பு. கப்ளரைக் கழற்றிவிட்டு, வண்டியின் பாசிட்டிவ் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே பல்பை மாட்டினால் சுமார் 1.75 ஆம்பியர் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் இரண்டு பக்கமும் நல்லா இருக்கு. மஞ்சளாக அழுதால் ஏதோ ஒரு பக்கம் குறை. பல்பு பொய் சொல்லாது. ஆனால் கவனியுங்கள், இது இந்தப் பெரிய வயர்களுக்கு மட்டும்தான். சென்சார் வயரிலோ, கப்ளர் மாட்டியிருக்கும்போது இ.சி.எம். பின்னிலோ பல்பு டெஸ்டர் வைத்தால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் எரியலாம். அங்கெல்லாம் டிஜிட்டல் மீட்டர் மட்டும்.

எங்கள் வண்டியில் விஷயம் எர்த்தோடு முடிந்தது. எர்த்தும் பாசிட்டிவும் சரியாக இருந்தும் இ.சி.எம். செத்தது போல இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது 5 வோல்ட் லைன். த்ராட்டில், மேனிஃபோல்ட் பிரஷர், டீசலில் ரயில் பிரஷர் என்று பல சென்சார்களுக்கு இ.சி.எம். 5 வோல்ட் அனுப்புகிறது. பல வண்டிகளில் இரண்டு மூன்று சென்சார்களுக்கு ஒரே லைன். அதில் ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மொத்த லைனும் படுத்துவிடும். பார்ப்பவர் "அஞ்சு வோல்ட்டே வரலை, இ.சி.எம். அவுட்" என்பார். அவசரப்படாமல் மீட்டரை அந்த லைனில் வைத்துக்கொண்டு, சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் துள்ளி எழுகிறதோ அதுதான் திருடன். எல்லாவற்றையும் கழற்றியும் எழவில்லை என்றால் வயர் எங்கேயாவது உரசி பாடியைத் தொடுகிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். எலி விஷயத்தில் சிரிக்க வேண்டாம். இன்பிளான்ட் டிரெய்னிங்கில் நான் பார்த்த மூன்று வயரிங் பழுதில் இரண்டு எலியுடையது.

இதையெல்லாம் தாண்டியும் பழுது நிற்கிறது என்றால் இ.சி.எம். மேல் கை வைக்கலாம். அதுவும் சாகும், சாகாத பொருள் இல்லை. இன்ஜின் சூட்டிலும் அதிர்விலும் உள்ளே சால்டர் விரிசல் விடும். காலையில் கிளம்பும், சூடானதும் நிற்கும், ஆறினால் மறுபடி கிளம்பும் என்பது இதன் குணம். கிராங்க் சென்சார் பழுதுக்கும் இதே குணம் உண்டு என்பதால் அதை முதலில் தள்ளிவிட வேண்டும். டிரைவர் டிரான்சிஸ்டர் எரிந்தால் ஒரு இன்ஜெக்டரோ ஒரு ரிலேயோ மட்டும் வேலை செய்யாது. இங்கேதான் பெரிய தப்பு நடக்கிறது. எரிந்தது என்று தெரிந்ததும் புது இ.சி.எம். மாட்டிவிடுகிறார்கள். அது ஏன் எரிந்தது? பெட்ரோல் வண்டிகளில் சாதாரணமாகப் பயன்படும் போர்ட் இன்ஜெக்டரின் காயில் 12 முதல் 16 ஓம் வரை இருக்கும். 14 ஓம் காயிலில் 14 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர். அந்தக் காயில் ஷார்ட் ஆகி 2 ஓம் ஆகிவிட்டால் 7 ஆம்பியர். இந்த இன்ஜெக்டரை மாற்றாமல் போட்ட புது இ.சி.எம்.-க்கும் பழையதன் கதிதான். ஆகவே செத்த டிரைவர் எதை ஓட்டியதோ அந்தப் பொருளை ஓம் பார்க்காமல் புது டப்பாவைப் பிரிக்காதீர்கள். டீசல் காமன் ரயில் இன்ஜெக்டர் கணக்கு வேறு. அதன் ரெசிஸ்டன்ஸ் பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கீழே என்பதால் சாதாரண மீட்டரில் சரியாகத் தெரியாது. இன்ஜின் ஓடும்போது அங்கே பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்டேஜ் போகும். கை வைக்கக் கூடாது.

பழைய இ.சி.எம். வாங்கி மாட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இமொபிலைசர் உள்ள வண்டியில் சாவி, இமொபிலைசர், இ.சி.எம். மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் தெரிந்து வைத்திருக்கும். வேறு வண்டியின் டப்பாவைக் கோடிங் செய்யாமல் மாட்டினால் இன்ஜின் கிளம்பாது, அல்லது கிளம்பி உடனே அணையும். "இதுவும் போனதுதான் போல" என்று இன்னொரு டப்பா தேடுவார்கள். பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும்.

நல்ல இ.சி.எம்.-ஐ நம் கையாலேயே கொல்லும் வழிகளும் உண்டு. அம்பாசிடர் காலத்து மெக்கானிக்குகள், டைனமோ சார்ஜ் செய்கிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார்கள். அன்றைக்கு அது தந்திரம். இன்றைக்கு அதைச் செய்தால், தாங்கிப்பிடிக்கப் பேட்டரி இல்லாமல் ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எங்கோ எகிறும். மீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வரை காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாமே. ஏ.சி. ஸ்கேலில் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டரின் டயோடு மேல் சந்தேகம் வையுங்கள். பாடியில் ஆர்க் வெல்டிங் செய்யும் முன் பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்ணீர் இன்னொரு எமன். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் வடிந்ததும் எல்லோருக்கும் வரும் ஆசை, சாவியைப் போட்டுப் பார்ப்பது. அந்த ஒரு திருப்பலில், ஈரம் மட்டுமே பட்டிருந்த இ.சி.எம். எரிந்து போகலாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடும் வளையும். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்ற வேண்டும். பிறகுதான் கப்ளர்களைத் திறந்து பார்ப்பது, உலர்த்துவது எல்லாம். வயர் இழைகளுக்கு நடுவே தண்ணீர், விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவது போல, தானாக ஏறிப் போகும். கப்ளரின் முகம் காய்ந்திருந்தாலும் உள்ளே பின்னில் பச்சை பிடிக்கும். ஒரு மாதம் கழித்துப் பழுது வரும், அப்போது வெள்ளத்தை யாரும் நினைக்க மாட்டார்கள்.

இனி என் வண்டவாளத்துக்கு வருகிறேன். எர்த் சரி செய்து ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் நான் தெருவில் நடந்த நடையே வேறு. ஆறாவது நாள் இரவு, திருச்சி சவாரி ஏற்றிக்கொண்டு போன அப்பா கொட்டாம்பட்டி தாண்டி ஃபோன் செய்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது அணைந்துவிட்டதாம். பின்னால் லாரிகள், உள்ளே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம். பத்து நிமிடம் கழித்து அதுவாகக் கிளம்பியது. பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். மறுநாள் கோடு பார்த்தால் பி 0335, கிராங்க் சென்சார் சர்க்யூட். "அவங்க சொன்னது சரிதான் போல, இ.சி.எம்.-தான்" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் தெருமுனையில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். சென்சாரையும் வயரையும் பார்த்தார், சரியாக இருந்தன. இ.சி.எம். கப்ளரைக் கழற்றி, அதன் பின் அளவுக்கே உள்ள ஒரு பழைய ஆண் பின்னை எடுத்து, ஒவ்வொரு துளையிலும் மெதுவாக நுழைத்து இழுத்தார். எல்லாத் துளையும் பின்னைக் கவ்விப் பிடித்தது. ஒன்றே ஒன்றில் பின் தொளதொளவென்று கையோடு வந்தது. கிராங்க் சென்சார் வயர். "இந்த ஓட்டைக்குள்ள எதைக் குத்துன?" என்று கேட்டார்.

மீட்டரின் தடித்த முனையைத்தான். முதல் நாள் கன்டினியுட்டி பார்க்கிறேன் என்று, வரிசை எண்ணுவதில் தடுமாறி, எர்த் துளை என்று நினைத்துப் பக்கத்துத் துளையில் முன்பக்கமாக அழுத்திச் செருகியிருக்கிறேன். உள்ளே கவ்வும் மெல்லிய தகடு விரிந்துவிட்டது. ஓடும்போது அதிர்வில் தொடர்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. சரியாக இருந்த இடத்தில் பழுதை உண்டாக்கியவன் நான். அண்ணன் மெல்லிய கம்பியால் அந்தப் பெண் டெர்மினலின் பூட்டை எடுத்து வெளியே இழுத்து, வேறொன்று கிரிம்ப் செய்து போட்டார். காசு வாங்கவில்லை. அதற்குப் பதிலாக அரைமணி நேரம் பாடம் நடத்தினார். கப்ளரின் முன்பக்கம் மீட்டர் முனை போகவே கூடாது. வயர் நுழையும் பின்பக்கமாகத்தான் மெல்லிய ஊசி. வாட்டர்ப்ரூஃப் ரப்பர் இருந்தால் அது கிழியாமல் வயரை ஒட்டியே நுழைக்க வேண்டும். முன்பக்கம் தொட்டே ஆக வேண்டுமென்றால் அதே அளவு பின் வைத்த தனி வயரை மாட்டிக்கொண்டு அதைத் தொட வேண்டும். வயரின் மேல்தோலை ஊசியால் குத்திப் பார்ப்பதும் கூடாது. குத்தினால் அந்தத் துளை வழியாக ஈரம் போகும்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் விட்டிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. தெரு முழுக்க "எம் பையன் 34,000 ரூபாய் வேலையை 85 ரூபாய்ல முடிச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார், அதுதான் தாங்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப கொட்டாம்பட்டியில வண்டியை நிறுத்துனது நீதானா?" என்று கேட்டுவிட்டு, டீ குடிக்கக் கூட்டிப்போனார். கம்மல் டப்பா பழையபடி பீரோவுக்குள் போய்விட்டது. வண்டி அதே இ.சி.எம்.-ஓடு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த உதிர்ந்த லக்கும், விரிந்த டெர்மினலும் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. பீப் அடித்தால் எர்த் சரி என்று வாதாடுகிறவர்கள் மதிய இடைவேளையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் லேப் பக்கம் வரலாம். 21 வாட் பல்பும் என்னிடமே இருக்கிறது.